தூண்டில்காரர்களும் நீர்நாயும்: வகுப்பறையில் விசாரித்த ஒரு வழக்கு

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவு வலைப் பாடத்தை நாம் எல்லோரும் நடத்தியிருக்கிறோம். பாசி, புழு, சிறுமீன், பெரிய மீன், கொக்கு என்று கரும்பலகையில் எழுதி அம்புக்குறி போடுவோம். அந்தப் படத்தில் பெரும்பாலும் மனிதர் இருக்க மாட்டார். மீன் பிடிக்கிற மனிதரையும் ஓர் ஓரத்தில் வரைந்து பாருங்கள். பாடம் உடனே சூடுபிடித்துவிடும். ஏனென்றால் ஒரே மீனுக்கு இரண்டு பேர் கை நீட்டும்போது, யார் பக்கம் நியாயம் என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்து தானாக வரும்.

அப்படி ஒரு வழக்கைத்தான் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் சில ஆண்டுகளாக விசாரித்து வருகிறேன். வழக்கு நடந்த இடம் இங்கிலாந்து. வாதிகள், ஆற்றில் தூண்டில் போடுகிறவர்கள். பிரதிவாதி, நீர்நாய். "நம் ஊர் ஆற்றை விட்டுவிட்டு இங்கிலாந்துக்கு ஏன் போகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள். அங்கே இந்தச் சண்டைக்கு அறுபது எழுபது ஆண்டுக்கால எழுத்துப் பதிவுகள் இருக்கின்றன. தவிர, அடுத்த வீட்டுச் சண்டையை விசாரிக்கும்போது பிள்ளைகள் நிதானமாக யோசிக்கிறார்கள். பழகிய பிறகு நம் வீட்டுச் சண்டைக்கு வரலாம்.

முதலில் வாதிகளைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே ஆற்றில் தூண்டில் போடுவது பெரும்பாலும் பொழுதுபோக்கு. மீனைப் பிடிப்பார்கள், எடை பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அதனால் ஒரே மீன் பல ஆண்டுகளில் பலர் தூண்டிலில் சிக்கும். அடையாளம் தெரிந்து பெயரே வைத்துவிடுவார்கள். பார்பெல் என்று ஒரு மீன். நம் கெண்டைக்கு உறவு, வாயோரம் மீசை இருக்கும். கிரேட் ஊஸ் என்ற ஆற்றில் 2006இல் பிடிபட்ட பார்பெல்லின் எடை ஒன்பதரை கிலோ. அப்போது அந்த நாட்டின் சாதனை மீனாக இருந்தது அது. இப்படிப் பெயர் பெற்ற ஆற்றில் அடுத்தடுத்த ஆண்டுகளில் பெரிய மீன்கள் காணாமல் போயின. கரையில் பாதி தின்ற மீன்களைத் தூண்டில்காரர்கள் பார்த்தார்கள். பக்கத்திலேயே நீர்நாயின் கால்தடம்.

மீனுக்குப் பெயர் வைத்தார்கள் என்றதும் என் மாணவர்கள் சிரிப்பார்கள். "உங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் பெயர் இல்லையா?" என்று கேட்பேன். சிரிப்பு நின்றுவிடும். இழப்பு என்பது இழந்தவர் கணக்கில்தான் பார்க்கப்பட வேண்டும். அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் விசாரணை தொடங்குகிறது.

வாதிகள் சொல்வது இதுதான்: "முன்பு நீர்நாய் இல்லை, மீன் இருந்தது. இப்போது நீர்நாய் வந்தது, மீன் இல்லை." இந்த இடத்தில் நிறுத்தி, கை உயர்த்தச் சொல்வேன். வகுப்பில் பெரும்பாலோர் நீர்நாய்தான் குற்றவாளி என்பார்கள். அந்த எண்ணிக்கையைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுவேன்.

அடுத்து ஒரு கேள்வி. முன்பு ஏன் நீர்நாய் இல்லை?

இதற்கு விடை கிடைத்த இடம் விசித்திரமானது. இங்கிலாந்தில் அக்காலத்தில் வேட்டைநாய்களை வைத்து நீர்நாய் வேட்டையாடும் சங்கங்கள் இருந்தன. எத்தனை நாள் வேட்டைக்குப் போனார்கள், எத்தனை நீர்நாயைக் கண்டார்கள் என்று அவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். சானின், ஜெஃப்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளைத் தொகுத்து 1978இல் வெளியிட்டார்கள். 1957, 58 வாக்கில் எண்ணிக்கை திடீரென்று விழுந்திருப்பது தெரிந்தது. அதே பத்தாண்டின் நடுவில்தான் டீல்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் விதை நேர்த்திக்கும், ஆடுகளைக் குளிப்பாட்டும் மருந்துக்கும் புழக்கத்துக்கு வந்திருந்தன. நிலத்திலிருந்து நீருக்கு, நீரிலிருந்து சிறு உயிர்களுக்கு, அங்கிருந்து மீனுக்கு, மீனிலிருந்து நீர்நாய்க்கு என்று ஒவ்வொரு படியிலும் நஞ்சின் செறிவு கூடியது. உயிரியல் உருப்பெருக்கம் என்று நாம் நடத்தும் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

1977 முதல் 79 வரை இங்கிலாந்து முழுதும் ஏறத்தாழ மூவாயிரம் இடங்களில் நீர்நாயின் எச்சத்தையும் தடத்தையும் தேடினார்கள். நூறு இடங்களில் ஆறு இடத்தில்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. 1978இல் சட்டப் பாதுகாப்பு வந்தது. நஞ்சுகள் படிப்படியாக விலக்கப்பட்டன, ஆறுகள் சுத்தமாயின. 2009-10 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 59 இடங்கள் என்ற அளவுக்கு நீர்நாய் திரும்பியிருந்தது. 2011இல் கென்ட் மாவட்டத்திலும் தடம் கிடைத்தபோது, இங்கிலாந்தில் நீர்நாய் இல்லாத மாவட்டமே இல்லை என்று அறிவித்தார்கள்.

இப்போது மாணவர்களிடம் ஒரு சிறு கணக்கு. 1965இல் பத்து வயதில் தூண்டில் பிடித்த சிறுவன், முதல் நீர்நாயை எந்த வயதில் பார்த்திருப்பான்? நாற்பது, ஐம்பது என்று விடை வரும். அவனுக்கு நீர்நாய் இல்லாத ஆறுதான் இயல்பான ஆறு. ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறுவயதில் பார்த்ததையே இயற்கையின் அளவாக வைத்துக்கொள்கிறது என்பதை மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் சுட்டிக்காட்டினார். இதை விளக்க வகுப்பில் ஒரு வேலை தருவேன். வீட்டில் தாத்தா, பாட்டியிடம் "நீங்க சின்ன வயசா இருக்கும்போது ஆத்துல என்னென்ன மீன் இருந்துச்சு?" என்று கேட்டு எழுதி வர வேண்டும். அப்பாவிடமும் அதே கேள்வி. இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்தாலே பாடம் புரிந்துவிடும்.

மூன்றாவது தடயம் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. அங்குள்ள நீர்நாய்க்கு விலாங்கு மீன் மிகவும் பிடித்த உணவு. கடலிலிருந்து ஐரோப்பிய ஆறுகளுக்கு வரும் விலாங்குக் குஞ்சுகளின் அளவு 1980களுக்குப் பிறகு நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. வழக்கமான சாப்பாடு இல்லையென்றால் கை அடுத்த தட்டுக்குத்தான் போகும். பார்பெல் மீனோ கூழாங்கல் படுகையில் முட்டையிடும். வயல் மண் கரைந்து வந்து படுகையை மூடினால் முட்டை பொரிக்காது. குறுக்கே தடுப்பணை இருந்தால் மீன் மேலே ஏறிப் போக முடியாது. போதாததற்கு 1970களில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த அமெரிக்க நன்னீர்க் கல்லிறால் தப்பி ஆறுகளில் பரவி, மீன் முட்டைகளையும் தின்றது. இளம் மீன் சேராத ஆற்றில் வயதான பெரிய மீன்கள் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தன. குளிர்காலத்தில் மந்தமாகக் கிடக்கும் அந்தப் பெரிய மீனைப் பிடிப்பது நீர்நாய்க்கு எளிது. அதில் ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வராது.

இத்தனையும் வைத்த பிறகு மறுபடி கை உயர்த்தச் சொல்வேன். பெரும்பாலான ஆண்டுகளில் வகுப்பு மறுபக்கம் சாய்ந்துவிடும்: "நீர்நாய் நிரபராதி சார், தூண்டில்காரங்க சொல்றதுதான் பொய்." இங்கேதான் ஆசிரியர் விழிப்பாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தூண்டில்காரர்கள் பொய் சொல்லவில்லை. நீர்நாய் மீனைத் தின்றது உண்மை. ஆறு முன்பே நலிந்திருந்தது என்பதும் உண்மை. நலிந்த ஆற்றில் நீர்நாய் ஒரு பங்குக்குக் காரணம், முழுக் காரணம் அல்ல. "இதுவா, அதுவா?" என்று கேட்டே பழகிய பிள்ளைகளை "இதில் எவ்வளவு, அதில் எவ்வளவு?" என்று கேட்க வைப்பதுதான் இந்தப் பாடத்தின் பயன்.

இந்த வழக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆறுகளைச் சுத்தப்படுத்தச் சொல்லி அங்கே போராடியவர்களில் தூண்டில்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 1948இல் அவர்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கி, ஆற்றைக் கெடுப்பவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். டெர்வென்ட் ஆற்றில் கழிவை விட்ட செயற்கை இழை ஆலை, டெர்பி நகராட்சி, மின்வாரியம் மூன்றையும் எதிர்த்துத் தூண்டில் சங்கம் ஒன்று வழக்காடி, 1953இல் மேல்முறையீட்டிலும் வென்றது. மீனுக்காக அவர்கள் கேட்ட சுத்தமான தண்ணீர்தான் நீர்நாய்க்கும் வழி திறந்தது. இருவருக்கும் தேவை ஒரே ஆறு.

தீர்வாக அவர்கள் என்ன செய்கிறார்கள்? ஏரி, குளங்களைச் சுற்றி நீர்நாய் நுழையாத வேலி போடுகிறார்கள். தூண்டில் உரிமக் கட்டணத்திலிருந்து அதற்கு உதவி கிடைக்கிறது. வேலிக்குள் சிக்கிய நீர்நாயை உயிரோடு பிடித்து வெளியே விட உரிமம் உண்டு. ஆற்றுக்கு வேலி போட முடியாது. அங்கே கூழாங்கல் படுகையைச் சீர்செய்வது, மீன் ஏறும் வழி அமைப்பது, பண்ணையில் வளர்த்த பார்பெல் குஞ்சுகளை விடுவது என்று வேலை நடக்கிறது. மனக்கசப்பு தீர்ந்துவிடவில்லை. வேலை மட்டும் நடக்கிறது.

இனி நம் ஆறு. இந்தியாவில் மூன்று வகை நீர்நாய்கள் உண்டு. காவிரியிலும் மோயாற்றிலும் கூட்டமாகத் திரிவது வழுவழுப்பான மயிருள்ள பெரிய வகை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் சிறிய நகமுள்ள வகை இருக்கிறது. மருத நிலத்துப் பொய்கையில் வாளை மீனை நாள்தோறும் இரையாகப் பெறும் நீர்நாயை ஐங்குறுநூறும் குறுந்தொகையும் காட்டுகின்றன. தமிழாசிரியர்கள் அந்தப் பாடல்களை எடுக்கும் வாரத்தில் அறிவியல் ஆசிரியர் இந்த வழக்கை எடுத்தால் இரண்டும் பொருந்தும்.

ஒருமுறை வழக்கு முடியும் நேரத்தில் ஒரு மாணவன் எழுந்தான். அவன் வீட்டில் பரிசல் உண்டு. "சார், அங்க பொழுதுபோக்குக்குப் பிடிக்கறாங்க. எங்கப்பா சோத்துக்குப் பிடிக்கறாரு. நேத்து ராத்திரி விட்ட வலைய நீர்நாய் கிழிச்சிருச்சு. அதை ஏன் சார் காப்பாத்தணும்?" என்று கேட்டான்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நீர்நாய் இருக்கிறது, கொன்றால் குற்றம் என்று சொல்லி உட்கார வைத்திருக்கலாம். சட்டத்தைச் சொன்னேன். ஆனால் அது அவன் கேள்விக்கு விடை ஆகாது. அவன் தந்தையைப் பள்ளிக்கு அழைத்தோம். அவர் வகுப்பில் அரைமணி நேரம் பேசினார். வலையில் சிக்கித் துள்ளும் மீனைத்தான் நீர்நாய் குறிவைக்கும் என்றார். விடிய விடிய விட்டுவைக்கும் வலைக்குத்தான் சேதம் அதிகம் என்றார். தோட்டா போட்டு மீன் பிடிக்கிறவர்களால் குஞ்சும் முட்டையும் சேர்ந்து அழிவதையும் அவரே சொன்னார். கடைசியில், "எல்லாஞ் சரிங்க சார். கிழிஞ்ச வலைக்கு யாரு காசு குடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. மாணவர்களிடமே விட்டேன். இரண்டு வாரம் வீடு வீடாகக் கேட்டு, வலை விட்ட நேரம், எடுத்த நேரம், சேதம் என்று அட்டவணை தயாரித்தார்கள். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே "நேரில் பார்த்தது, கேட்டது, ஊகித்தது" என்று குறித்தார்கள். பல வரிகளில் ஆமை, வெட்டுமரம், கல் என்று வேறு காரணங்களும் வந்தன. நீர்நாயும் வந்தது. அந்த அட்டவணையோடு, வலைச் சேதத்துக்கு உதவியும், தோட்டா போடுவதற்குத் தடுப்பும் கேட்டு ஒரு மனு எழுதி, கிராம சபையில் பெரியவர்கள் வழியாகக் கொடுத்தோம். "நீர்நாயைக் கொல்ல வேண்டும்" என்ற வரியும் "நீர்நாய் மீது பழி போடாதீர்கள்" என்ற வரியும் அதில் இல்லை. இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் பிள்ளைகள்தான்.

இதை உங்கள் பள்ளியில் செய்ய விரும்பினால் சில குறிப்புகள். தொடக்க வகுப்புகளில் கணக்காகவே தொடங்கலாம்: ஒரு நீர்நாய் நாளுக்குச் சுமார் ஒரு கிலோ தின்னும், ஆறு நீர்நாய்கள் உள்ள குடும்பம் முப்பது நாளில் எவ்வளவு தின்னும்? 180 கிலோ. பிறகு, அதில் நண்டு, தவளை எவ்வளவு, நாம் விற்கும் மீன் எவ்வளவு என்று கேளுங்கள். நடுநிலை வகுப்புகளில் மூன்று தடயங்களையும் ஒவ்வொரு நாளாகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் கை உயர்த்தச் சொல்லி எண்ணிக்கையை மாற்றி எழுதுங்கள். உயர்நிலை வகுப்பில் வங்கதேசத்தின் நரைல் பகுதி மீனவர்களை அறிமுகப்படுத்தலாம். அவர்கள் பழக்கிய நீர்நாய்களை வைத்து மீனை வலைக்குள் விரட்டுகிறார்கள். அதுவும் நம் காவிரியில் இருக்கும் அதே வகைதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். தடம் தேட என்று பிள்ளைகளை ஆற்றங்கரைக்குத் தனியே அனுப்பாதீர்கள். எச்சத்தை வெறுங்கையால் தொடவிடாதீர்கள். இந்தப் பாடத்துக்குத் தேவையான சான்றுகளில் பெரும்பகுதி வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கும். மீனவர் வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், அந்தப் பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தாமல், விசாரணை அதிகாரி நாற்காலியில் உட்கார வையுங்கள்.