பிள்ளை பெற்றவளின் மலச்சிக்கலும் அதன் நிவர்த்தியும்



ஒரு வீட்டில் பிரசவம் நடந்ததென்றால், பிள்ளை ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, தாய்க்குப் பால் உண்டா என்ற மூன்று கேள்விகளோடு ஊராரின் விசாரணை முடிந்துவிடுகிறது. பெற்றவளுக்கு மலம் கழிகிறதா என்று எவரும் கேட்பதில்லை. கேட்கத்தக்க விஷயமென்று எண்ணுவதுமில்லை. அவளும் வாய் திறப்பதில்லை. ஆயினும் பிரசவமான முதல் சில வாரங்களில் அநேக ஸ்திரீகள் சகித்துக்கொண்டிருக்கும் வேதனைகளில் இது மிகவும் கொடியது. பிரசவ வலிக்கு அஞ்சாதவள் மறுவாரம் கழிப்பறைக்குப் போக அஞ்சுகிறாள். அந்த அச்சமே வியாதியை வளர்க்கிறது.

காரணங்கள் பல உண்டு. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு மிகுந்து குடலின் அசைவை மந்தப்படுத்துகிறது. வளரும் கர்ப்பப்பை அடிவயிற்றின் இரத்தக் குழாய்களை அழுத்துவதால் ஆசனவாயில் மூலம் உண்டாகிறது. முக்கிப் பெறும்பொழுது அது பெருத்து வெளியே தள்ளுகிறது. பிறப்பு வாயில் தானாகக் கிழிந்தாலும், டாக்டர் கத்தரித்துத் தையல் போட்டாலும், அவ்விடம் ஆறும்வரை எரிச்சல் இருக்கும். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தவளுக்கோ குடல் மீண்டும் தன் வேலையைத் தொடங்கவே சில நாள் பிடிக்கும். இவற்றோடு இரத்தசோகைக்காகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்கிறது. 2018-ஆம் வருஷம் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டப்படி பிரசவத்திற்குப் பின்னும் 180 நாள் இம்மாத்திரையைச் சாப்பிட வேண்டும். அது மலத்தைக் கறுக்கச் செய்யும். சிலருக்கு இறுக்கவும் செய்யும். இதற்காக மாத்திரைகளைக் குப்பையில் எறிவது சரியன்று. இரத்தமிழந்த தேகத்திற்கு இரும்பு அவசியம். மலம் இறுகுவதற்கு வேறு பரிகாரம் உண்டு.

முதற் பிரசவமான ஒரு பெண்ணை உதாரணமாக வைத்துக்கொள்க. மூன்றாம் நாள் அவளுக்கு மலம் வரும்போல் இருக்கிறது. முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து அடக்குகிறாள். அடக்கிய மலம் குடலிலேயே தங்க, குடல் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஐந்தாம் நாள் அது கல்போல் இறங்கி ஆசனவாயின் தோலைக் கீறிவிடுகிறது. கண்ணாடித் துண்டால் அறுத்தாற்போன்ற வலி. துடைத்த துணியில் சிவந்த இரத்தம். அந்த வலி அரைமணியோ ஒரு மணியோ நின்று எரிகிறது. வலியால் அவ்விடத்துத் தசை இறுகிக்கொள்கிறது. இறுகிய தசைக்கு இரத்த ஓட்டம் குறைவதால் புண் ஆறுவதில்லை. ஆறாத புண்ணுக்கு அஞ்சி அவள் மறுபடியும் அடக்குகிறாள். லேவாதேவிக்காரனிடம் வட்டி கட்டத் தவறியவன் அவன் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தால் கடன் குறைகிறதா? அதேபோல இங்கும் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அசலோடு சேருகிறது.

இதனோடு நின்றாலும் பாதகமில்லை. சாப்பிட்டால்தானே வெளியே போகவேண்டும் என்று அவள் ஆகாரத்தைக் குறைக்கிறாள், ஜலத்தையும் குறைக்கிறாள். உட்கார முடியாமையால் பிள்ளையை மடியில் வைத்துப் பால் கொடுக்கும் நேரமும் குறைகிறது. கடும் வலியிலும் கவலையிலும் இருப்பவளுக்கு மார்பில் ஊறிய பால்கூடச் சீக்கிரம் இறங்குவதில்லை. சிசு அழுகிறது, "இவளுக்குப் பால் போதவில்லை" என்று வீட்டிலுள்ளோர் தீர்ப்பளித்துப் புட்டிப் பால் வாங்கி வருகிறார்கள். ஆசனவாயில் உண்டான ஒரு சிறு கீறல் குழந்தையின் ஆகாரத்தையே பறித்துவிடுகிற விதம் இது. பால் மாவு டப்பாவின் விலையை மாதக் கணக்கில் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு, அந்தக் கீறலைக் கவனியாமல் விட்டதனால் உண்டான நஷ்டம் தெரியவரும்.

பத்தியத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பத்தியமெல்லாம் மூடத்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமல்ல. பூண்டு, நல்லெண்ணெய், சுறாப்புட்டு, முருங்கைக்கீரை ஆகியவை நல்ல ஆகாரமே. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரி அதிகமாக வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்கிட்டிருக்கிறது. அவளுக்கு ஊட்டமாகக் கொடுக்க வேண்டுமென்ற பாட்டிமாரின் எண்ணம் அதற்குப் பொருத்தமானதே. தவறு தண்ணீரில்தான் நேர்கிறது. தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், தையல் சீழ் பிடிக்கும், பிள்ளைக்குச் சளி கட்டும் என்று சொல்லி, தொண்டை நனையுமளவே கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. காய்கறியும் பழமும் குளிர்ச்சி என்று விலக்கிவிட்டு, வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் கருவாடுமாக நாற்பது நாளை ஓட்டுகிறார்கள். அவள் தேகத்திலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய முக்கால் லிட்டர் பால் வெளியே போகிறது. அந்த ஈரம் எங்கிருந்து வரும்? வெளியிலிருந்து வராவிட்டால் குடலிலுள்ள மலத்திலிருந்துதான் தேகம் எடுத்துக்கொள்ளும். தண்ணீரால் வயிறு பெருப்பதுமில்லை. சீழ் பிடிப்பது கிருமியாலேயன்றிக் குடித்த ஜலத்தாலன்று.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. பச்சைக் குழந்தை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் பால் கொடுக்க அமருமுன் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, குடித்துவிட்டால், பத்துத் தடவைக்கு இரண்டு லிட்டர் ஆகிவிடுகிறது. கஞ்சி, மோர், ரசம் ஆகியவற்றின் நீரும் சேர்ந்தால் தேவையான அளவு நிறைந்துவிடும். செம்பை எட்டும் தூரத்தில் நிரப்பி வைப்பது மாமியாரோ கணவனோ செய்யவேண்டிய வேலை. பிள்ளையை ஏந்தியவளே எழுந்து போய் மொண்டு வரவேண்டுமென்றால் நடவாது.

ஆகாரத்தில் நார் வேண்டும். கடையில் தேடவேண்டிய பண்டம் எதுவுமில்லை. முருங்கைக்கீரை, அவரை, வாழைத்தண்டு, கொய்யா, பூவன் பழம், நன்கு பழுத்த பப்பாளி, தோலோடு கூடிய பாசிப்பயறு, கேழ்வரகுக் கூழ், கம்பஞ்சோறு என யாவும் கிராமத்தில் கிடைப்பவையே. நாரை ஒரேநாளில் மிகுதியாகச் சேர்த்தால் வயிறு உப்பும், படிப்படியாகச் சேர்க்கவேண்டும். ஜலமின்றி நாரை மாத்திரம் கூட்டுவது சிக்கலை அதிகப்படுத்தும்.

அடுத்தது, மலம் கழிக்கும் நேரமும் இடமும். ஆகாரம் வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் அசைவது இயற்கை. ஆகையால் காலையில் வெந்நீரோ கஞ்சியோ குடித்து அரைமணிக்குள் அவசரமின்றி உட்காருவது உத்தமம். உணர்ச்சி வந்தபின் அடக்கலாகாது. அந்தப் பத்து நிமிஷம் பிள்ளையை வேறொருவர் ஏந்திக்கொள்ள வேண்டும். குந்தி உட்காருவது மலம் இறங்குவதற்கு ஏற்ற நிலை. தையலின் வலியால் நாற்காலி போன்ற கழிப்பறையில் உட்காருபவள், பாதங்களின் கீழ் ஒரு சிறு மணையை வைத்து முழங்காலை உயர்த்திக்கொள்ளலாம். மூச்சை அடக்கி முக்கக்கூடாது. தையலிட்ட இடத்தைச் சுத்தமான துணி மடிப்பால் மெல்லத் தாங்கிக்கொண்டால் பயம் குறையும். இளகிய மலம் தையலைப் பிரித்துவிடாது என்பதை அவளுக்கு உறுதியாகச் சொல்லவேண்டும்.

இடத்தைப் பற்றி அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. 2014-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தில் கழிப்பறை கட்ட வீட்டுக்கு 12,000 ரூபாய் உதவித் தொகை வழங்கப்பட்டது. கட்டப்பட்ட அறைகளில் சிலவற்றில் விறகும் எருமுட்டையும் குடியிருக்கின்றன. வீட்டுப் பெண்களோ இருட்டுக்குக் காத்திருக்கிறார்கள். பெயர் சூட்டும் விழாவுக்குப் பந்தல் போடக் கடன் வாங்கத் தயங்காத குடும்பம், அந்த விறகை அப்புறப்படுத்தி ஒரு வாளித் தண்ணீர் வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை என்பதை யோசிப்பதில்லை.

புண்ணுக்கும் மூலத்துக்கும் எளிய சிகிச்சை வெந்நீர் ஒத்தடமே. அகன்ற பேசினில் பொறுக்கும் சூட்டில் சுத்தமான வெந்நீர் ஊற்றி, இடுப்பளவு அமிழ 10 முதல் 15 நிமிஷம் வரை நாளுக்கு இரண்டு மூன்று முறை உட்கார்ந்தால் இறுகிய தசை தளரும். மலங்கழித்தவுடன் உட்காருவது விசேஷ பலன் தரும். சிகிச்சை தவறாமல் செய்தால் புதிய கீறல்களில் பெரும்பாலானவை ஆறு எட்டு வாரங்களில் ஆறிவிடுகின்றன. அதுவரை ஒருக்களித்துப் படுத்தே பால் கொடுக்கலாம். பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருட்டிப் பிடிப்பதைக் குடல் வலியென்று எண்ணிப் பயப்படுவோர் உண்டு. அது கர்ப்பப்பை சுருங்கும் வலி. இரண்டாம் மூன்றாம் பிரசவத்தில் அதிகமாயிருந்து, சில நாளில் தானே அடங்கும்.

இவற்றால் குணமாகாவிடில் மருந்து தேவைப்படும். மருந்து உட்கொண்டால் பாலை நிறுத்தவேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அது பொதுவாக உண்மையன்று. இசப்கோல் உமி குடலிலே ஊறிப் பெருத்து மலத்தோடு வெளியேறுவது. இரத்தத்தில் கலவாது, ஆகவே பாலிலும் சேராது. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட வேண்டும். லாக்டுலோஸ் என்னும் பாகும் அத்தகையதே. பலன் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குள் பொறுமையிழந்து வேறொன்றைத் தேடலாகாது. நிலாவாரை இலை திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் பயிராகிக் கப்பலேறுவது. அயல்நாட்டுச் சந்தையில் திருநெல்வேலியின் பெயராலேயே அறியப்படுவது. அளவோடு சாப்பிட்டால் பாலுண்ணும் சிசுவுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் அது குடலை முறுக்கி வேலை வாங்குவதாகையால் புண்ணுள்ளவளுக்கு முதல் மருந்தாகாது. விளக்கெண்ணெயைக் கரண்டி கரண்டியாக ஊற்றிப் பேதியாக்குவதை அறவே தவிர்க்க வேண்டும். நீரிழந்து தளர்பவள் தாய். பால் குறைந்து வாடுவது பிள்ளை.

வலிக்குப் பாராசிட்டமால், இபுப்ரோபன் போன்றவற்றை வைத்தியர் சொன்ன அளவில் பால் கொடுப்பவள் சாப்பிடலாம். கோடீன், டிராமடால் என்பவை வேறு ரகம். மலத்தை இறுக்குவதோடு, பாலில் சேர்ந்து சிசுவுக்கு மயக்கமும் மூச்சுத் தடையும் உண்டாக்கக்கூடுமென்று 2017-ஆம் வருஷம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் எச்சரித்தார்கள். மருந்துக் கடைக்காரர் கையில் கொடுத்ததை வாங்கி விழுங்குவது ஆபத்து.

வீட்டு வைத்தியத்தால் ஆகாதவையும் உண்டு. இரத்தம் சொட்டுச் சொட்டாக விழுதல் அல்லது நாள்தோறும் வருதல், ஜுரத்தோடு ஆசனவாயருகே வீங்கிச் சீழ் கட்டுதல், மூலம் கறுத்து இறுகித் தாங்கமுடியாத வலி தருதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவேண்டும். வயிறு உப்பி, வாந்தியோடு காற்றும் பிரியாமல் நின்றுபோனால் 108 வண்டியை அழைப்பதே தகும். வேறொரு குறையைப் பெண்கள் உயிர் போனாலும் சொல்லுவதில்லை. காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமல் அறியாமலே வெளியேறுவதுதான் அது. பிரசவத்தில் ஆசனவாய்த் தசைவரை கிழிந்தவர்களுக்கு இது நேரும். மலம் பிறப்பு வாயில் வழியே கசிவதும் உண்டு. இவை எவருடைய குற்றமுமல்ல. தசைப் பயிற்சியாலும், வேண்டுமானால் சத்திர சிகிச்சையாலும், சீர்படுத்தக்கூடியவை. ஆண் டாக்டரிடம் கூசுபவள், வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முதலில் சொல்லலாம். பெரிய கிழிசலுக்குத் தையல் போடப்பட்டவள் மறுபடியும் கர்ப்பமானால், முதல் தடவை பரிசோதனைக்குப் போகும்போதே அந்த விவரத்தைத் தெரிவித்து அட்டையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பிரசவத்தை எங்கே, எவ்விதம் நடத்துவது என்பதை டாக்டர் அதைப் பார்த்தே நிர்ணயிப்பார்.