விளம்பரத்தில் இணைய முகவரி: எப்படிப் போடுவது?

(சிறு வணிகம் செய்யும் சகோதர சகோதரிகளுக்காக நம் அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மஃரிபுக்கு முன்னால் முடித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்று நோட்டீஸ் அடித்து, ஜும்ஆ முடிந்து வெளியே வந்தவர்கள் கையில் கொடுத்தோம். முகவரி நீளமாக இருந்ததால் அச்சில் இரண்டு வரியாக மடங்கிவிட்டது. மடங்கிய இடத்தில் கம்ப்யூட்டர் தானாக ஒரு சிறு கோடு போட்டுவிட்டது. அந்தக் கோட்டையும் சேர்த்துத் தட்டியவர்களுக்குப் பக்கமே திறக்கவில்லை. புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். அச்சகத்தாரைக் குறை சொல்ல முடியாது.

கடைசித் தேதி முடிந்த பிறகு ஒரு தாயார் அந்த நோட்டீஸோடு வந்தார். "மூணு நாளா மகள் முயற்சி பண்ணினா, வரவே இல்லைங்க" என்றார். தேதியை ஒரு வாரம் தள்ளி வைத்தோம். ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர் அதற்குள் வளையலை அடகு வைத்திருந்தார். ஒரு சிறு கோட்டுக்கு அந்தக் குடும்பம் வட்டி கட்டியது. அதனால்தான் இந்தப் பேச்சு.

முகவரி ஒரே வரியில் நிற்க வேண்டும். முன்னும் பின்னும் வேறு எழுத்து ஒட்டக்கூடாது. வாக்கியத்தின் முடிவில் வைத்து முற்றுப்புள்ளி போட்டால், அந்தப் புள்ளியும் முகவரியில் சேர்ந்தது என்று சிலர் நினைப்பார்கள். அடிக்கோடும் வேண்டாம், முகவரிக்குள் கீழ்க்கோடு இருந்தால் அதை மறைத்துவிடும்.

முன்னால் வரும் 'ஹெச்டிடிபி'யும் இரண்டு சாய்கோடுகளும் பலகையில் தேவையில்லை. அந்த இரண்டு சாய்கோடு இல்லாமலே செய்திருக்கலாம் என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீயே 2009இல் ஒப்புக்கொண்டார். மூன்று 'டபிள்யூ' போட்டாலும் போடாவிட்டாலும் உங்கள் பக்கம் திறக்கும்படி, தளம் அமைத்துக் கொடுத்தவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு அதையும் விட்டுவிடலாம்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 'டாட் காம்' வரை எப்படி எழுதினாலும் ஒன்றுதான். ஆகவே கடைப் பெயரில் இரண்டு மூன்று சொற்கள் இருந்தால், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாகப் போடுங்கள். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கும் சொல் பிரிந்து தெரியும். அதற்குப் பிறகு சாய்கோடு போட்டு வரும் பகுதி அப்படியல்ல. அங்கே பல தளங்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. அந்தப் பகுதியை முழுவதும் சிறிய எழுத்திலேயே அமைக்கச் சொல்லுங்கள்.

நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அது நம் பெயர்கள். ரஹ்மத் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் 'டி' மட்டுமா, 'டி'யும் 'ஹெச்'சுமா? ஃபாத்திமாவில் 'ஹெச்' உண்டா? முஹம்மது என்பதை ஒரே வீட்டில் அப்பா ஒரு விதமாகவும் மகன் ஒரு விதமாகவும் ஆதார் அட்டை வேறு விதமாகவும் எழுதுகிறோம். ஆட்டோ மைக்கில் உங்கள் முகவரியைக் கேட்டவர் அவர் வீட்டு வழக்கப்படிதான் தட்டுவார். வேறு ஒருவர் கடைக்குப் போய்விடுவார். முடிந்தால் அதிகம் புழங்கும் இரண்டு எழுத்துக் கூட்டையும் வாங்கி, இரண்டும் ஒரே பக்கத்துக்குப் போகும்படி செய்யுங்கள். புதிதாகப் பெயர் வைப்பவர்கள் வாயால் சொன்னதும் ஒரே மாதிரி எழுதத் தோன்றும் பெயரைப் பாருங்கள். கோடு, எண் கலந்த பெயர் வேண்டாம். '4' என்று மைக்கில் சொன்னால் அதை எண்ணாக எழுதுவதா, எழுத்தாக எழுதுவதா?

இனி கியூஆர் கட்டம். 1994இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிப்பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது இது. இன்று மீன் கடையிலும் தொங்குகிறது. கட்டத்தைச் சுற்றி வெள்ளை இடம் விடாமல் டிசைனுக்குள் புதைத்துவிட்டால் போன் அதைப் பிடிக்காது. வெளிர் நிறத்தின் மேல் கறுப்புதான் நல்லது. பத்தடி தள்ளி நின்று எடுப்பார்கள் என்றால் கட்டம் ஓரடியாவது இருக்கட்டும். எப்படி இருந்தாலும் கீழே முகவரியை எழுத்தில் போடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேரப்பிள்ளை வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

கட்டத்தை இலவசமாகச் செய்து தரும் தளங்களில் கவனமாக இருங்கள். சில தளங்கள் உங்கள் முகவரியை நேரடியாகக் கட்டத்துக்குள் வைப்பதில்லை; தங்கள் முகவரியை வைத்து, அங்கிருந்து உங்களிடம் திருப்பிவிடுகின்றன. இலவச நாட்கள் முடிந்ததும் காசு கட்டு என்று வாசலை அடைத்துவிடும். ஆயிரம் பை அடித்த பிறகு என்ன செய்வீர்கள்? போனில் எடுத்துப் பார்க்கும்போது உங்கள் முகவரியே திரையில் வருகிறதா என்று அச்சுக்கு முன்பே பாருங்கள். சுருக்க முகவரிகளும் இப்படித்தான். கூகுளே தன் சுருக்க முகவரிச் சேவையில் புதிதாகத் தருவதை 2019இல் நிறுத்திவிட்டது.

கடை வாசலில் உங்கள் கட்டத்தின் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிப் பணத்தைத் திருப்பும் மோசடியும் நடக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

நோன்புக் காலத்தில் ஸதகா, ஜகாத் கேட்டுப் படங்கள் போனில் வரும். படம் உருக்கமாக இருக்கும். நீங்கள் முகவரியைப் படியுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், 'டாட் காம்', 'டாட் ஆர்க்' என்பதற்கு ஒட்டி இடப்பக்கம் நிற்கும் சொல்தான் உரிமையாளரின் பெயர். அதற்கும் முன்னால் யார் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். நம் அறக்கட்டளை பெயரையும்தான். 'டாட் ஆர்க்' என்றால் தொண்டு நிறுவனம் என்றும் நம்பிவிடாதீர்கள்; அதை யாரும் வாங்கலாம். இதனால்தான் நாங்கள் ரசீது, பேனர், உண்டியல் எல்லாவற்றிலும் இனி ஒரே முகவரியை ஒரே விதமாகப் போடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். மாறி இருந்தால் உடனே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே கேளுங்கள். தளம் செய்து கொடுத்த தம்பி தன் பெயரில் வாங்கியிருப்பார். பிறகு வெளிநாடு போயிருப்பார். புதுப்பிக்காமல் விட்டால் அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கலாம். பலகையில் உங்கள் கடை, உள்ளே வேறு யாருடைய கடையோ.

நோட்டீஸோ பேனரோ அடிக்கும் முன் புரூஃபை எடுத்துக்கொண்டு ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். இரண்டு போனில் தட்டிப் பார்த்துத் தருகிறோம். கட்டணம் இல்லை. சகோதரிகள் வீட்டிலிருந்தே படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.