அடுத்த குப்பத்தின் மணல்

கடற்கரைப் பாதுகாப்புக் கட்டுமானங்கள் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்க அழைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. கட்டுரை படிக்க வந்திருக்கும் இளம் பொறியாளர்களின் நேரத்தை நான் அதிகம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஒரே செய்திதான். நாம் கட்டும் எதுவும் மணலை உண்டாக்குவதில்லை. வேறெங்கோ போகவேண்டிய மணலை நிறுத்தி வைக்கிறது, அல்லது திருப்பி விடுகிறது. ஆகவே ஒரு கட்டுமானத்தின் வரவு செலவை அது நிற்கும் இடத்தோடு முடித்துவிட முடியாது.

சோழமண்டலக் கரையில் மணல் ஓய்வதே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையில் சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கே திரும்புகிறது. போவது அதிகம், திரும்புவது குறைவு. ஆண்டு முடிவில் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போயிருக்கும். குறுக்கே கல்லைப் போட்டால் தெற்கே கரை வளரும், வடக்கே தேயும். மீனவர்கள் கண்ணால் கண்டது இது. பொறியாளர்களுக்கும் நூறாண்டுக்கு மேலாகத் தெரியும்.

சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புகளைக் கட்டும் வேலை 1876-இல் தொடங்கியது. 1881 புயல் அவற்றைக் குலைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். தென்புறம் சேர்ந்த மணல்தான் இன்று நாம் பெருமையோடு காட்டும் மெரினாவின் அகலம். வடபுறத்தில் இராயபுரத்திலிருந்து கரைக்குக் கல் போர்த்த வேண்டியதாயிற்று. துறைமுகத்தின் கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறந்தவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணிதமேதை இராமானுஜன் எழுத்தராக வேலை பார்த்த துறைமுகத்தின் தலைவர் என்றுதான் நம்மில் பலர் அவரை அறிவோம். சென்னைக் கரையின் மணல் ஓட்டத்தை ஆராய்ந்து எழுதியவரும் அவரே. அந்த எழுத்தை நம் மாணவர்கள் படிப்பதில்லை.

இவ்வளவு அனுபவம் இருந்தும், 1980-களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு இரண்டு அலைதடுப்புகள் எழுந்தன. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. நடைமுறையில் அது ஒழுங்காக நடக்கவில்லை. நகரக் கடற்கரையின் மணல் போயிற்று. சாலையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் வடக்கே நீள நீள அரிப்பும் கூடவே வடக்கே நகர்ந்தது; வைத்திக்குப்பம், சோலைநகர் என்று போய், எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை எட்டியது. ஓர் அரசு கட்டியதற்கு இன்னோர் அரசின் குப்பங்கள் வீடிழந்தன.

கல்சுவரே கூடாது என்பவன் அல்லன் நான். வாசலுக்கு அலை வந்துவிட்டால் மக்கள் கேட்பது கல்தான், கொட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் சுவர் காப்பது அதற்குப் பின்னால் உள்ள நிலத்தை மட்டுமே. அதில் மோதித் திரும்பும் அலை அடிமணலைக் கிளறிக்கொண்டு போகும். கல் சரியும், மேலும் கல் வரும். படகை ஏற்றி வைக்க, வலையை விரித்துச் சரிபார்க்க, கருவாடு காயவைக்க இடம் இராது. நம் திட்ட மதிப்பீடுகளில் கரை சதுர மீட்டராக வருகிறதே தவிர, ஒரு தொழிலிடமாக வருவதில்லை. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவுக்கும் இதே கதை. ஒரு குப்பத்துக்கு வந்ததும் வடக்கே உள்ள குப்பம் தனக்கும் வேண்டுமென மனுக் கொடுக்கிறது. கொடுக்காமல் என்ன செய்யும்? முதல் வளைவு பிடித்து வைத்திருப்பது அவர்களுடைய மணலைத்தானே!

புதுச்சேரிக் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, சுமார் 900 டன் எடையுள்ள ஆப்பு வடிவ எஃகுக் கட்டமைப்பை நீருக்கடியில் இறக்கியது. அலை அதன்மேல் உடைந்து வேகமிழக்க, பின்னால் மணல் படிகிறது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். கல் மட்டுமே கண்ட இடத்தில் மக்கள் மீண்டும் மணலில் இறங்கினார்கள். நல்ல வேலை. ஆனால் பாராட்டெல்லாம் எஃகுக்கே போய்விட்டது. தூர்வாரிய மணல் வந்திராவிட்டால் அந்த ஆப்பு மட்டும் இவ்வளவு விரைவில் இதைச் செய்திருக்காது என்பது என் கருத்து.

விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரும் மணலை நகரக் கடற்கரைக்கு அனுப்புவது நெடுநாள் வழக்கம். ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் நடப்பதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். கடலுக்குள் நீளும் பாலத்தில் பொருத்திய பம்புகள் தென்புற மணலை உறிஞ்சி, குழாய்வழியே ஆற்றைக் கடத்தி வடகரையில் சேர்க்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். தென்கரை நியூ சவுத் வேல்ஸ், வடகரையை ஒட்டி குயின்ஸ்லாந்து. இரு அரசுகளும் சேர்ந்தே இதை நடத்துகின்றன. புதுச்சேரியும் தமிழ்நாடும் இப்படி ஓர் ஒப்பந்தத்துக்கு வர முடியாதா? மணல் கடத்தும் செலவு துறைமுகத்தின் மின்கட்டணத்தைப் போல ஆண்டுதோறும் கணக்கில் ஏற வேண்டும். நிதி வந்தால் பார்க்கலாம் என்று விட்டால் பம்பு துருப்பிடிக்கும்.

1990 முதல் 2018 வரையிலான மத்திய அரசின் கணிப்புப்படி நாட்டின் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. எனவே கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் இனிமேல் பணம் வரும், நிறையவே வரும். கட்டுரை படிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் கட்டுமானத்தின் நிழலில் எத்தனை மீட்டர் மணல் சேர்ந்தது என்று சொல்லும்போதே, அதற்கு வடக்கே ஐந்து கிலோமீட்டர் வரை கரை எவ்வளவு பின்வாங்கியது என்பதையும் சொல்லுங்கள். அளக்கவில்லை என்றால், அளக்கவில்லை என்றே சொல்லுங்கள். பிற்பகல் அமர்வில் மீனவக் கிராமப் பஞ்சாயத்தார் பேசவிருக்கிறார்கள். சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடாமல், தயவுசெய்து இருந்து கேளுங்கள்.