மனைப்பிரிவும் பஞ்சமி நிலமும்



பழைய மாமல்லபுரம் சாலையோரத்தில் வயல்கள் மனைகளாகி வருகின்றன. வகை மாற்றத்திற்கு முன் அந்நிலம் யாருக்குரியது என்று கேட்பது நம் கடமையாகும். செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த டிரெமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. பத்தாண்டுகள் விற்கலாகாது, பின்னரும் நம்மவர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது, மீறின் அரசு மீட்கலாம். திட்டம் முளைத்தது நம் மாவட்டத்தில். அபகரிப்புக்கும் இங்கே குறைவில்லை! காரணை நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994 அக்டோபர் 10ஆம் நாள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர்.

பிறர் பெயரில் பட்டா இருப்பதனாலேயே நிபந்தனை மறைந்துவிடாது. ஆகவே, பட்டம் பெற்ற தம்பிமார் ‘அ’ பதிவேட்டையும் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் படிக்கக் கற்றுக்கொள்ளல் வேண்டும். நிலப் பயன்பாட்டு மாற்ற அறிவிப்பு வெளிவந்தால், கெடு முடியுமுன் புல எண்ணைக் குறித்து ஆட்சேப மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டையும் தவறாது வாங்கிக்கொள்ளுங்கள்.