தேர்வுக்கு வராத பாடம்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் பள்ளியும் படைப்பாளியும் என்னும் பொருள் பற்றி உரையாற்றுமாறு பணித்துள்ளீர்கள். கத்தோலிக்கத் துறவியர் நடத்திய உயர்நிலைப்பள்ளி ஒன்றில் பயின்றவன் நான். அத்தகைய பள்ளிகளைப் பற்றி நம்மிடையே இரு கட்சிகள் உண்டு. ஒழுங்கும் உழைப்பும் தந்து நம்மை ஆளாக்கின என்பர் ஒரு சாரார். பிறந்த மண்ணிலிருந்து நம்மைப் பெயர்த்தன என்பர் மறு சாரார். என் பள்ளியையே சான்றாகக் கொண்டால், என் நன்றியோ மனக்குறையோ தீர்ப்பை எழுதிவிடும். ஆகவே கடல் கடந்த சான்று ஒன்றைக் காட்ட விழைகிறேன். அவர் 1995-இல் நோபல் பரிசு பெற்ற அயர்லாந்துக் கவிஞர் சேமஸ் ஹீனி.

ஹீனி 1939-இல் வட அயர்லாந்தின் டெரி மாவட்டத்தில், ஓர் உழவர் குடும்பத்தின் ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். அங்கே 1947-இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டம், நுழைவுத் தேர்வில் வென்ற ஏழைச் சிறுவர்க்கும் இடைநிலைக் கல்வியின் கதவைத் திறந்தது. அவ்வழியே 1951-இல், தம் பன்னிரண்டாம் வயதில், வீட்டிலிருந்து ஏறத்தாழ நாற்பது மைல் தொலைவில் டெரி நகரிலிருந்த செயின்ட் கொலம்ப்ஸ் கல்லூரியின் விடுதியில் சேர்ந்தார். யாழ்ப்பாணத்துப் பத்திரிசியார் கல்லூரியைப் போல, பெயரளவில் அது கல்லூரி; நடப்பில் உயர்நிலைப்பள்ளியே.

1879-இல் மறைமாவட்டத்தால் தொடங்கப்பெற்ற அப்பள்ளியின் தலையாய நோக்கம் குருத்துவத்திற்கு மாணவரை ஆயத்தப்படுத்துவது. விளைந்தது என்ன? அங்குப் பயின்ற பிரையன் ஃப்ரீல் மேனூத் குருமடம் வரை சென்று, திரும்பி வந்து நாடகாசிரியரானார். ஜான் ஹியூமும் மேனூத் சென்று திரும்பி, அதே பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் அரசியலில் இறங்கி, 1998-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஹீனியின் வகுப்புத் தோழர் சேமஸ் டீன் திறனாய்வாளராகவும் புதின ஆசிரியராகவும் சிறந்தார். பள்ளி வேண்டியது குருக்களை. நாட்டுக்குக் கிடைத்தோருள் இவர்களும் இருந்தனர்.

இதனால் அப்பள்ளியைப் பொற்காலமாகப் புனைந்துரைக்க நான் வரவில்லை. அங்கே அடி இருந்தது. வீட்டு ஏக்கம் இருந்தது. ஹீனி அங்கே பயின்றபோதுதான், 1953-இல், நான்கு வயதும் நிரம்பாத அவர் தம்பி சாலை விபத்தில் மாண்டான். அத்துயரே பின்னர் அவருடைய முதல் தொகுதியில் புகழ்பெற்ற ஒரு கவிதையாயிற்று. விடுதி நாள்களின் தனிமையையும் தண்டனையையும் நினைவுகூர்ந்து 1975-இல் வெளியிட்ட கவிதைக்கு, 'அச்சத்தின் அமைச்சகம்' என்று பொருள்படும் தலைப்பையே இட்டார். அதனைத் தோழர் டீனுக்கே உரிமையாக்கினார். நன்றியுள்ள மாணவனும் உண்மையை மறைக்க வேண்டுவதில்லை என்பதற்கு இது சான்று.

இனி அப்பள்ளி கொடுத்ததைக் காண்போம். ஐரிஷ் மொழியை அங்கே கற்றார். பிற்காலத்தில் இடைக்கால ஐரிஷ் காவியமொன்றை ஆங்கிலத்தில் ஆக்கி 1983-இல் வெளியிட்டார். இலத்தீனையும் அங்கே கற்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முற்பட்ட அக்காலத்தில் திருப்பலியும் இலத்தீனிலேயே நிகழ்ந்தது. எனவே பீடத்தில் கேட்ட மொழியையே வகுப்பில் சொல் பிரித்து, வேற்றுமை கண்டு, பொருள் கூட்டிப் படித்தார்கள். நன்னூல் நூற்பாக்களை உருப்போட்ட நம்மவர்க்கு அந்த உழைப்பின் கடுமை விளங்கும்.

இலத்தீன் ஆசிரியர் அருட்தந்தை மைக்கேல் மெக்கிளின்சி. வர்ஜிலின் 'ஈனிட்' காவியத்தில் ஒன்பதாம் படலமே அவ்வாண்டுத் தேர்வுக்குரிய பாடம். ஆனால் அவர் உள்ளம் ஆறாம் படலத்தில் இருந்தது. வீரன் ஈனியஸ் கீழுலகம் இறங்கி, இறந்த தந்தையைக் காணும் பகுதி அது. அதுவே பாடமாக அமைந்திருக்கலாகாதா என்று அவர் அடிக்கடி பெருமூச்சு விடுவாராம். அந்தப் பெருமூச்சு ஒரு மாணவன் நெஞ்சில் தங்கிவிட்டது.

1986-இல் ஹீனியின் தந்தை மறைந்தார். அதன் பின்னர் ஆறாம் படலம் அவரை விடவில்லை. 1991-இல் வெளிவந்த தொகுதியின் முகப்பில் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்து வைத்தார். முதற் பேரக்குழந்தை பிறந்தபோது அப்படலத்தின் அமைப்பைத் தழுவிக் கவிதைத் தொடர் ஒன்று இயற்றினார். அது 2010-இல் நூலில் இடம்பெற்றது. முழுப் படலத்தின் மொழிபெயர்ப்பு, அவர் மறைந்தபின் 2016-இல் வெளியாயிற்று. அதனை அவர் பழைய இலத்தீன் ஆசிரியரின் நினைவுக்குச் செலுத்திய வீட்டுப்பாடமாகவே கருதினார். பள்ளியை விட்டு வெளியேறியது 1957-இல். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு வீட்டுப்பாடம் நிலுவையில் நின்றிருக்கிறது!

2013 ஆகஸ்டு 30-ஆம் நாள் ஹீனி மறைந்தார். இறுதிக் கணங்களில் மருத்துவமனையிலிருந்து மனைவிக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினார். அதன் கடைசிச் சொற்கள் இரண்டும் இலத்தீன். அவற்றின் பொருள் 'அஞ்சற்க' என்பது. அச்சத்தைக் கற்பித்த பள்ளியே அஞ்சாமையைச் சொல்லும் மொழியையும் கற்பித்திருந்தது. இரண்டையும் சேர்த்தே நாம் கணக்கிட வேண்டும்.

அன்பர்களே, என் கருத்து இதுதான். பள்ளியின் நோக்கம் மாணவனின் வாழ்வுப்பணியை வகுப்பதில்லை. பாடத்திட்டமும் முழுமையாக வகுப்பதில்லை. பாடத்திட்டம் கருவியைத் தருகிறது. அதனைக் கொண்டு எதைத் தோண்டுவது என்பதை, தாம் விரும்பியதை மறைக்கத் தெரியாத ஓர் ஆசிரியர் காட்டிவிடுகிறார். கருவியின்றி ஆசை மட்டும் வாய்த்தால் ஏக்கமே மிஞ்சும். ஆசையின்றிக் கருவி மட்டும் வாய்த்தால் உத்தியோகம் மிஞ்சும்.

என் பள்ளியிலும் ஒரு தமிழாசிரியர் இருந்தார். மனப்பாடச் செய்யுளை ஒப்பிக்கத் தவறினால் அடிப்பார். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் புத்தகத்தை மூடிவிட்டு, "இது தேர்வுக்கு வராது, கேளுங்கள்" என்று சங்கப் பாடலொன்றைச் சொல்லத் தொடங்குவார். அடித்த அடியை நான் மறக்கவில்லை. மன்னித்தேனா என்பதும் தெரியவில்லை. ஆயினும் இன்று இந்த மேடையில் நான் நிற்பதற்கு அந்தப் பத்து நிமிடங்களே காரணம்.

இவ்வட்டத்தில் ஆசிரியப் பணியில் இருப்போர் பலர். நாளை வகுப்பில் நுழையும்போது அந்தப் பத்து நிமிடங்களை மாணவர்க்குக் கொடுங்கள். பிரம்பு வேண்டாம், பெருமூச்சு போதும். அந்தக் கடனை எந்த மாணவன், எத்தனை ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பான் என்பதை நாம் இருந்து காண வேண்டும் என்பதில்லை.