ஒரே டிஸ்க், இரண்டு பெயர்

(சங்கக் கூட்டத்தில் நான் பேசியதை எழுதித் தரும்படி சிலர் கேட்டார்கள். ஏறக்குறைய பேசியபடியே தந்திருக்கிறேன்.)



கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில் கிளார்க்காக. நான் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம். அதுவும் நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் நம் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அந்த அம்மா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், சொல்லலாம் என்று அனுமதியும் கொடுத்துவிட்டார். மாமியாரின் சதாபிஷேகப் படங்கள் ஒரு பென் டிரைவில் இருந்தன. அதை லேப்டாப்பில் செருகினார். இடது பக்கப் பட்டியலில் அதே பென் டிரைவ் இரண்டு இடத்தில் தெரிந்தது. 'ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறதே, ஒன்றைக் காலி செய்தால் இடம் மிச்சம்' என்று ஒன்றில் இருந்த படங்களை அழித்தார். இன்னொன்றைத் திறந்தால் அதுவும் காலி.

விண்டோஸ் அப்படித்தான் காட்டும். 'திஸ் பிசி' என்பதற்குள் ஒரு தடவை, அதற்குக் கீழே தனியாக ஒரு தடவை. ஒரே வீட்டுக்கு முன்வாசலும் பின்வாசலும் மாதிரி. பென் டிரைவில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது, நேராகப் போய்விடும். நல்லவேளை, அவர் பதற்றத்தில் வேறு எதையும் அதில் ஏற்றவில்லை. 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளால் பெரும்பாலான படங்களை மீட்டோம். ஆனால் ஃபைல் பெயர்கள் போய்விட்டன. எது மாலை மாற்றியது, எது அபிஷேகம் என்று உட்கார்ந்து பிரித்ததில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

இனி என் கதை.

2015 டிசம்பர் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றுத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. என் தங்கை வீடு அந்தப் பக்கம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் ஊறி, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகம் பிளாஸ்டிக் தாளோடு வந்துவிடும். தப்பிய படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து, ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, லைட்ரூம் கிளாசிக்கில் அடுக்கினேன். மாதச் சந்தா பையன் கட்டுகிறான், இல்லாவிட்டால் என் பென்ஷனுக்கு அது அதிகம்.

ஸ்கேன் செய்வது பெரிய வேலை இல்லை. பெயர் எழுதுவதுதான் வேலை. என் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, 'இது உங்க தாத்தாவோட சகோதரி, இவர் திண்டிவனத்து மாமா' என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு தட்டினேன். ஆறு மாதம் ஆனது. அடுத்த வருஷம் அத்தை காலமாகிவிட்டார். அந்தப் பெயர்களைச் சொல்ல இப்போது குடும்பத்தில் வேறு ஆள் கிடையாது.

ஒரு நாள் டிஸ்க்கைச் செருகி லைட்ரூமைத் திறந்தால், எல்லா ஃபோல்டர்களிலும் கேள்விக்குறி. காரணம் பிறகுதான் தெரிந்தது. விண்டோஸ் ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு எழுத்து கொடுக்கும். கம்ப்யூட்டருக்குள் இருப்பது 'சி'. வெளியிலிருந்து வருபவற்றுக்கு அப்போது காலியாக உள்ள எழுத்து. என் டிஸ்க் எப்போதும் 'இ'. அன்று கேமரா கார்டு முன்னாலேயே செருகியிருந்ததால் 'இ' அதற்குப் போய்விட்டது. டிஸ்க்குக்குக் கிடைத்தது 'எஃப்'. லைட்ரூம் முகவரியை அந்த எழுத்தை வைத்துத்தான் எழுதி வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் அங்கேயே இருக்க, கதவு எண் மட்டும் மாறியதால் தபால்காரர் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போன கதை.

எனக்கு அது தெரியாதே! படம் போய்விட்டது என்று பயந்து, 'எஃப்'பிலிருந்து மொத்தத்தையும் மறுபடி இம்போர்ட் செய்தேன். 'ஏற்கெனவே உள்ளதைச் சேர்க்காதே' என்ற டிக்கையும் எடுத்துவிட்டேன். விளைவு, ஒரே டிஸ்க் பட்டியலில் இரண்டாகிவிட்டது. 'எஃப்' பட்டியலில் படங்கள் பளிச்சென்று தெரிகின்றன, ஆனால் பெயர்க் குறிப்பு ஒன்றுமில்லை. குறிப்புகளெல்லாம் கேள்விக்குறி போட்ட 'இ' பட்டியலில். அந்த மாதம் எடுத்த புதுப் படங்களையும் 'எஃப்'பிலேயே சேர்த்துக் குழப்பத்தை முழுமையாக்கினேன்.

அந்தச் செத்த பட்டியலை அழித்துவிடலாம் என்று 'ரிமூவ்' மேல் அம்புக்குறியை வைத்துவிட்டேன். தற்செயலாகப் பையன் போனில் வந்தான். விஷயத்தைச் சொன்னதும் 'அப்பா, எதையும் தொடாதீங்க' என்று கத்தினான். 'ரிமூவ்' கொடுத்தால் டிஸ்க்கில் உள்ள படம் அழியாது, உண்மைதான். ஆனால் நாம் எழுதிய குறிப்பு படத்துக்குள் இல்லை, லைட்ரூமின் கேட்டலாக்கில்தான் இருக்கிறது. அத்தை சொன்ன அத்தனை பெயரும் ஒரு கிளிக்கில் போயிருக்கும்.

வங்கியில் கோர் பேங்கிங் வந்த புதிதில் இதேதான் நடந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு கஸ்டமர் ஐடி. ஒன்றில் சேமிப்புக் கணக்கு, மற்றதில் எஃப்.டி. இரண்டு ஐடி இருப்பதால் அவரிடம் இரட்டிப்புப் பணம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒன்றை மூடினால் மறுநாள் கவுண்டரில் சண்டைதான். பார்த்து, இணைத்து, பிறகு மூட வேண்டும்.

இங்கேயும் அதே வரிசைதான். முதலில் லைட்ரூமை மூடும்போது அது கேட்கும் கேட்டலாக் பேக்கப்பை எடுத்தேன். பிறகு கேமரா கார்டைப் பிடுங்கிவிட்டு, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' போனேன். நம் டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', அதில் 'சேஞ்ச்', பழைய எழுத்தான 'இ'. 'சி'யின் பக்கம் போகவே கூடாது. 'ஃபார்மேட்' என்ற சொல் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

லைட்ரூமைத் திறந்தேன். கேள்விக்குறி எல்லாம் போய், அத்தை சொன்ன பெயர்களோடு படங்கள் வந்துவிட்டன. சார், கண் கலங்கிவிட்டது.

இப்போது 'எஃப்' செத்த பட்டியல். அதிலுள்ள புது மாதத்து ஃபோல்டரில் மட்டும் ரைட் கிளிக் செய்து, 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்' கொடுத்து, 'இ'யில் அது இருக்கும் இடத்தைக் காட்டினேன். அது இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. மீதி எல்லாம் குறிப்பில்லாத மறுபதிவு. அவற்றை அப்போதுதான் 'ரிமூவ்' செய்தேன். 'எஃப்' என்று ஒரு டிரைவே அந்த நேரத்தில் இல்லாததால் டிஸ்க்கில் இருந்த படங்களுக்கு ஆபத்தில்லை.

இது மறுபடி வராமலிருக்க, புதிதாக டிஸ்க் வாங்குகிறவர்கள் ஆரம்பத்திலேயே 'எக்ஸ்' மாதிரிக் கடைசிப் பக்கத்து எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். கார்டும் பென் டிரைவும் அதுவரை வருவது அபூர்வம். ஆப்பிள் கம்ப்யூட்டரில் எழுத்தே கிடையாது, டிஸ்க்கின் பெயர்தான், அதனால் இரண்டு டிஸ்க்குக்கு ஒரே பெயர் வைக்காதீர்கள். குறிப்பு எழுதியதும் படங்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால், ஜேபெக் படமாக இருந்தால் அந்தக் குறிப்பு ஃபைலுக்குள்ளேயே ஏறிவிடும். நான் இப்போது எல்லாவற்றுக்கும் அதைச் செய்துவிட்டேன்.

பிறகு ஒரு இரண்டாவது டிஸ்க்கும் வாங்கினேன். நிஜமாகவே கையில் பிடிக்கக்கூடிய இரண்டாவது டிஸ்க். கேட்டலாக் பேக்கப்பில் படங்கள் வராது என்பதால், படங்களையும் கேட்டலாக்கையும் சேர்த்தே அதில் காப்பி எடுத்தேன். அது தங்கை வீட்டில், இந்தத் தடவை பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது.

யாருக்காவது பட்டியலில் டிரைவ் இரண்டாகத் தெரிந்தால், எதையும் அழிக்காமல் லேப்டாப்போடு வாருங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் சங்க அறையில் இருப்பேன். சார்ஜரையும் மறக்காமல் கொண்டுவாருங்கள், அங்கே இருக்கும் பிளக் பாயின்ட் ஒன்றுதான்.