மைதானத்தைத் திறந்து விடுங்கள்

அசனப் பண்டிகைக்கு வெளியூரிலிருந்து வந்திருக்கும் அண்ணாச்சிமாரே, தாய்மாரே, அந்த வேப்பமரத்தடியில் போனும் கையுமாக நிற்கிற என் வாலிபத் தம்பிகளே! உங்களுக்குத்தான் முதல் ஸ்தோத்திரம்.

துப்பாக்கி விளையாட்டும் கிறிஸ்தவ வாலிபனும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு முன்னாலே இதே தலைப்பில் பேசியவர்கள் உண்டு. போனில் பப்ஜி விளையாடுகிறவனுக்குப் பரலோகம் இல்லை என்று முழங்கினார்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். நான் கேட்கிறேன், பரலோகக் கதவைப் பூட்ட இவர்கள் யார்? திட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். பையன் அன்றைக்கு ராத்திரியும் விளையாடினான்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். ஒரு பையனின் தோளில் கைபோட்டு, “ஏன்டா தம்பி தூங்கலே?” என்று கேட்க ஆளில்லையே!

விளையாடுகிறவன் எல்லாம் கொலைகாரன் ஆவான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆராய்ச்சி பண்ணுகிறவர்களே அதில் ஒத்துப்போகவில்லை. என் கேள்வி வேறே. பப்ஜியில் ஒரு தீவிலே 100 பேர் பாராசூட்டில் இறங்குகிறார்கள். கடைசியில் மிஞ்சி நிற்கிறவனுக்குத்தான் வெற்றி. தம்பி, நீ சுட்டாயே, அவன் யார்? அவன் பேர் என்ன?

கெத்செமனே தோட்டத்துக்கு வாருங்கள். பேதுரு பட்டயத்தை உருவினார். பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரன் ஒருவனின் காது போயிற்று. நாலு சுவிசேஷத்திலும் இது இருக்கிறது. ஆனால் யோவான் மட்டும் அவன் பெயரை எழுதி வைத்தார். மல்குஸ்! பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவன், எதிரி, அடிமை. அவனுக்கும் பேர் உண்டு ஐயா! லூக்கா சொல்கிறார், ஆண்டவர் அந்தக் காதைத் தொட்டுச் சுகமாக்கினார் என்று. சிலுவைக்குப் போகிற ராத்திரியில் எதிரியின் காதைப் பார்த்தவரைத்தானே நாம் ஆண்டவர் என்கிறோம்!

2020 செப்டம்பரில் அரசாங்கம் பப்ஜியைத் தடை செய்தபோது, பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று எத்தனை வீட்டில் ஜெபம் பண்ணினோம்! தாய்மாரே, அது உங்கள் பிள்ளைக்காக வந்த தடையே இல்லை. நாட்டுப் பாதுகாப்பு என்று சொல்லி ஒரே நாளில் 118 செயலிகளை நிறுத்தினார்கள், அதிலே இதுவும் ஒன்று. 2021 ஜூலையில் வேறு பேரில் திரும்பி வந்துவிட்டது. ரத்தம் பச்சை நிறமாயிற்று. 18 வயதுக்குக் கீழே என்றால் நாளைக்கு 3 மணி நேரம்தான் என்று விதி போட்டார்கள். பையன் கையில் இருப்பதோ அப்பா போன், அப்பா நம்பர். அவனுக்கு அது ஒரு விதியா? பச்சை ரத்தமாம்! நிறத்தை மாற்றிவிட்டால் சுடப்பட்டவன் மனுஷன் இல்லையென்று ஆகிவிடுமா?

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பேராலயம் என்ன செய்தது என்று கேளுங்கள். 2007. சோனி கம்பெனியின் ஒரு விளையாட்டில் அந்த ஆலயத்தின் உட்புறத்தையே படமாக வரைந்து, அதற்குள் துப்பாக்கிச் சண்டை வைத்திருந்தார்கள். அனுமதி கேட்கவில்லை. இது கற்பனைக் கதைதானே என்றார்கள் முதலில். ஆனால் அந்த ஊரிலே நிஜத் துப்பாக்கிக்கு வாலிபர்கள் பலியாகிக் கொண்டிருந்த காலம் அது. செத்த பிள்ளைகளின் குடும்பத்தார் மெழுகுவத்தி ஏந்தி வந்து அழுத இடம் அந்த ஆலயம். சபை விடவில்லை. ஊரறியப் பேசியது. சோனி மன்னிப்புக் கேட்டது! அந்தச் சபைக்குப் பேசத் தகுதி எங்கேயிருந்து வந்தது? அழுகிறவர்களுக்கு அது கதவைத் திறந்து வைத்திருந்தது. அங்கேயிருந்து வந்தது.

நம்ம ஊரிலும் ஒருத்தர் அப்படித் திறந்து வைத்திருந்தார். பெயர் சொன்னால் கோபப்படுவார், பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். உபதேசியாராக வந்தவர், ஆலயத்துக்குப் பின்னாலே இரண்டு பனங்கம்பு நட்டு வாலிபால் வலை கட்டினார். சாயங்காலம் ஆனால் எந்தத் தெருப் பையன் என்று கேட்காமல் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தவன் தோற்றவன் ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கை கொடுக்க வேண்டும். பேர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். யோவான் சுவிசேஷத்துக்கு இதைவிட நல்ல வியாக்கியானத்தை எந்தப் பிரசங்கியாரும் எனக்குச் சொன்னதில்லை. கைதட்டல் எனக்கு வேண்டாம், பின்னாலே திரும்பி அந்த மனுஷனுக்குத் தட்டுங்கள்!

அந்த மைதானம் இன்றைக்கு எங்கே? கமிட்டியாரே, கல்யாண மண்டபம் கட்டப்போகிறோம் என்று வேலி போட்டுப் பூட்டினீர்கள். மண்டபமும் வரவில்லை. சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கமிட்டித் தேர்தலுக்குத் தேர்தல் எல்லா அணியும் வாக்குக் கொடுக்கிறது. யார் கெலித்தாலும் பூட்டு மட்டும் மாறவில்லை! பையன் தெருவில் ஆடினால் வண்டிக்காரன் ஏசுகிறான், பள்ளிக்கூடம் சாயங்காலம் சாத்திவிடுகிறது. அவன் எங்கே போவான்? போனுக்குள்ளே போகிறான். எருசலேம் மறுபடியும் செழிக்கிற நாளைச் சகரியா தீர்க்கதரிசி பார்த்தபோது, வீதி நிறையப் பையன்களும் பெண்பிள்ளைகளும் விளையாடுவதை அல்லவா கண்டார்? அவர் கண்டதில் கல்யாண மண்டபம் இல்லையே!

கமிட்டியார் இந்த மேடையிலேயே இருக்கிறீர்கள். கருவேலத்தை வெட்டக் காசு வேண்டாம், இந்தத் தம்பிகள் வெட்டுவார்கள். வலைக்கு நான் பொறுப்பு. பந்தி போடுவதற்கு முன்னே சபையாருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கேட்டைத் திறப்பீர்களா, மாட்டீர்களா? மைக்கை உங்களிடமே தருகிறேன்.